பிடியும் விடுதலும்

குத்தம்பாக்கத்தில் மாலை ஐந்தரை மணிக்கு மேல் பெண்பிள்ளைகள் கபடி ஆடும் ஒரு காலி மனை இருக்கிறது. யாருடைய மனை என்று எனக்குத் தெரியாது. நெடுஞ்சாலை ஓரம் பேருந்து முனையம் எழும்பியதிலிருந்து இந்தப் பக்கத்து மனைகளுக்கெல்லாம் விலை ஏறிவிட்டது. அடுத்த ஆண்டு அங்கே சுவர் நிற்கலாம். இப்போதைக்கு மண் இருக்கிறது. யாரோ ஒருத்தி வீட்டிலிருந்து எடுத்துவந்த கோலமாவால் நடுக்கோடும் ஓரக்கோடும் போடுகிறார்கள். இருட்டுவதற்குள் அந்தக் கோடு காலடிகளில் கலைந்துவிடும்.

அங்கே நின்று பார்ப்பவர்களில் ஒரு பெண்மணியும் உண்டு. பெயர் வேண்டாம். பிள்ளைகளுக்கு அவர் அக்கா. எனக்கும் அப்படியே இருக்கட்டும். ஒருகாலத்தில் மாவட்ட அணிக்குக் கபடி ஆடியவர். இடது மூலையில் நின்று, பாடி வருபவரின் கணுக்காலைப் பிடிப்பதில் பேர் வாங்கியவர். இப்போது இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, சீருடையோடு, சாப்பாட்டுப் பை தோளில் தொங்க, கால்மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவார். படியேறும்போது வலது முட்டி நொடிக்கும். அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

கொஞ்ச நாளாக நான் இங்கிலாந்தின் மேகி அல்போன்சியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ரக்பி வீராங்கனை. ஆடி முடித்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் அவரைப் பற்றி அக்காவிடம் சொல்லப்போய், ரக்பி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு பதினைந்து பேர், பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், எதிராளி ஓடிவந்து இடுப்பையோ காலையோ கட்டி வீழ்த்தலாம் என்றேன். “நம்ம கபடி மாதிரிதான்” என்றார். அதுவரை சரி. அடுத்து ஒரு விதியைச் சொன்னபோது நிமிர்ந்து பார்த்தார். வீழ்த்தப்பட்டவர் தரையைத் தொட்டதும் பந்தை விட்டுவிட வேண்டும். வீழ்த்தியவரும் பிடியை விட்டு விலக வேண்டும். யார் விடாமல் பிடித்துக்கொண்டு கிடக்கிறாரோ அவர்மேல் நடுவர் விசில் ஊதுவார். எதிரணிக்குத் தண்ட உதை கிடைக்கும்.

“விட்டா நம்ம ஆட்டத்துல தோத்துடுவோமே அண்ணா?”

ஆமாம். நம் ஆட்டத்தில் பாடி வந்தவரின் மூச்சு முடியும்வரை பிடி தளரக் கூடாது. விரல் நழுவினால் புள்ளி போயிற்று. அந்த ஆட்டத்திலோ விழுந்தபின் விடாதது குற்றம். மனிதர்கள் தங்கள் வேலையை, புகழை, உடம்பை எப்படிப் பிடிக்கிறார்கள், எப்போது விடுகிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டு விதிகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு என் முன்னால் நிற்கின்றன.

மேகி அல்போன்சி 1983இல் லண்டனின் லூயிஷமில் பிறந்தார். நைஜீரிய வம்சாவளி. வளர்ந்தது வடக்கு லண்டனின் எட்மன்டன் பகுதியில், நகராட்சிக் குடியிருப்பொன்றில். வளர்த்தவர் தாய் ஒருவரே. பிறக்கும்போதே ஒரு பாதம் உள்நோக்கி வளைந்திருந்தது. அந்தக் காலோடு பின்னாளில் உலகின் வேகமான, முரட்டுத்தனமான ஆட்டங்களில் ஒன்றை ஆடினார் என்பதை வியந்து எழுதுவது எளிது. அப்படி எழுதியவர்களும் நிறைய. எனக்கு அந்த வியப்பைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அவர் படித்த பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவர் லைசா பர்ஜஸ். வேல்ஸ் நாட்டு மகளிர் ரக்பி அணிக்குத் தலைமை தாங்கியவர். பெண்கள் ரக்பிக்குக் காசும் கிடையாது, கூட்டமும் கிடையாது என்றிருந்த நாள்களில் நாட்டுக்காக ஆடிக்கொண்டே பள்ளியில் பாடம் எடுத்தவர். கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் திரிந்த ஒரு சிறுமியின் கையில் அவர்தான் அந்தப் பந்தைக் கொடுத்தார்.

ரக்பியில் இன்னொரு விதியும் இருக்கிறது. ஓடுவது முன்னால், ஆனால் கையால் பந்தை முன்னே எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோ வருபவருக்கு மட்டுமே கொடுக்கலாம். பர்ஜஸ் பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறார். உலக ரக்பியின் புகழ்ப் பேரவையில் மாணவியின் பெயர் 2016இல் சேர்ந்தது. ஆசிரியையின் பெயர் 2018இல். வரிசை தலைகீழாக இருக்கிறதே என்று பர்ஜஸ் வருந்தியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நல்ல ஆசிரியர்களுக்கு அந்த வரிசைதான் பிடிக்கும்.

அல்போன்சி இங்கிலாந்துக்காக 74 ஆட்டங்கள் ஆடினார். 7ஆம் எண் சட்டை. அந்த இடத்தில் ஆடுபவரின் தொழிலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எதிராளியை வீழ்த்துவது பாதி வேலை. மீதி, எதிரணியில் ஒருவர் விழுந்த மறுநொடி அங்கே குனிந்து நின்று பந்தில் கைவைப்பது. விழுந்தவர் விட்டால் பந்து கிடைக்கும்; விடாவிட்டால் தண்ட உதை கிடைக்கும். எப்படியும் லாபம். யோசித்துப் பார்த்தால், விடத் தெரியாதவர்களைத் தண்டிப்பதே பத்தாண்டுக்கு மேல் அவர் செய்த வேலை. அதில் அவரை மிஞ்ச ஆள் குறைவு. 2006இல் உலக அளவில் ஆண்டின் சிறந்த வீராங்கனை. ‘இயந்திரம்’ என்று பட்டப்பெயர்.

அதே 2006இல் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்த நகரின் பெயரும் எட்மன்டன்தான்; அது கனடாவில் உள்ளது. அங்கே நியூஸிலாந்திடம் தோற்றார்கள். 2010இல் சொந்த மண்ணில், லண்டனில், மீண்டும் இறுதியாட்டம், மீண்டும் நியூஸிலாந்து, 13–10 என்று மூன்றே புள்ளியில் தோல்வி. 2014 ஆகஸ்டில் பாரிஸில் கனடாவை 21–9 என்று வென்றார்கள். அத்தோடு அல்போன்சி நாட்டுக்காக ஆடுவதை நிறுத்திக்கொண்டார். வயது முப்பது. இங்கிலாந்துப் பெண்களுக்குப் பதினைந்து பேர் ஆட்டத்தில் முழுநேரச் சம்பள ஒப்பந்தம் வந்தது 2019இல். ஆக, அவர் காலத்தவர் வேலைக்குப் போய்க்கொண்டே உலகக் கோப்பை வென்றவர்கள்.

நிறுத்திக்கொண்டார் என்று சுலபமாக எழுதிவிட்டேன். அடுத்து அவர் செய்தது என்ன தெரியுமா? குண்டெறிதல் பழகினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பிரிட்டன் சார்பில் குண்டு எறியலாம் என்று ஒரு கனவு. அது கைகூடவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நெருக்கம் கூடியது. ஒரு பந்தை விட்ட கை சும்மா இருக்கவில்லை. உடனே நான்கு கிலோ இரும்பைத் தேடியிருக்கிறது. விடுதல் என்பது ஒரு நொடியில் முடிகிற காரியமில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு காசிக்குப் போன கதைகளில்தான் அப்படி நடக்கும். ஓய்வு பெற்ற மறுநாளும் காலை நான்கு மணிக்கு எழுந்து சீருடையைத் தேடும் ரயில்வேக்காரர்களை ஆவடியில் பார்த்திருக்கிறேன்.

இரும்புக் குண்டையும் கீழே வைத்த பிறகு அவர் வர்ணனைக்கு வந்தார். 2015இல் ஆண்கள் உலகக் கோப்பை ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் விளக்கினார். ஆண்கள் ரக்பியைப் பற்றி ஒரு பெண், அதுவும் ஒரு கறுப்பினப் பெண், பேசுவதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். நின்று பேசினார். இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் மன்றத்திலும் இடம்பெற்றார். உடம்பால் செய்ததைச் சொல்லால் செய்யக் கற்றுக்கொண்டார் எனலாம்.

எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. 2010இல் அந்த மூன்று புள்ளித் தோல்வியில் அணித் தலைவியாக நின்றவர் கேத்தரின் ஸ்பென்சர். 63 ஆட்டங்கள் ஆடி, அடுத்த ஆண்டு விலகினார். நான்கு ஆண்டு கழித்துத் தோழிகள் கோப்பையைத் தூக்கியபோது அவர் களத்தில் இல்லை. ஓய்வுக்குப் பின் தன்னை மூடிய மனச்சோர்வைப் பற்றி 2020இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். வேலையை விட்டதால் வரும் வெறுமை ஒன்று. ‘நான் யார்’ என்ற கேள்விக்கு இருந்த ஒரே பதிலும் போய்விடும்போது வருவது வேறு. சட்டையின் முதுகில் இருந்த எண்ணையே பெயராக எண்ணிப் பத்தாண்டு வாழ்ந்தவர், சட்டையைக் கழற்றி மடித்து வைத்த பிறகு கண்ணாடியில் யாரைப் பார்ப்பார்?

பிடித்துக்கொள்ளவே ஏதும் மிஞ்சாத நிலையும் உண்டு. 2003இல் இங்கிலாந்து ஆண்கள் அணி உலகக் கோப்பை வென்றபோது முன்வரிசையில் ஆடியவர் ஸ்டீவ் தாம்ப்சன். 42 வயதிலேயே மறதிநோய் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்த இறுதியாட்டத்தில் ஆடிய நினைவே தமக்கு இல்லை என்று அவர் 2020இல் வெளிப்படையாகச் சொன்னார். பதக்கம் வீட்டில் இருக்கிறது. அதை வென்ற நாள் அவரிடம் இல்லை. ஆட்டக் காலத்தில் தலையில் திரும்பத் திரும்ப விழுந்த அடிகளின் விளைவு இது. பெண்கள் அணியிலும் கேட் மெர்ச்சன்ட், 2014இல் கோப்பை வென்ற கையோடு, தலையில் பட்ட அடிகளின் காரணமாக ஆட்டத்தை விட்டார். உடம்பு சொல்வதைக் கேட்டு நேரத்தோடு எழுந்துபோவதும் வீரம்தான். கைதட்டல் மட்டும் கிடைக்காது.

இந்த விளையாட்டுக்கும் நமக்கும் ஒரு பழைய பந்தம் இருப்பது பலருக்குத் தெரியாது. 1873இல் கல்கத்தாவில் ஆங்கிலேயர்கள் ஒரு ரக்பி மன்றம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் ஆட்கள் போலோவுக்கும் டென்னிஸுக்கும் போய்விட, மன்றம் படுத்துவிட்டது. மிச்சமிருந்தவர்கள் 1878இல் கணக்கை முடித்து, வங்கியிலிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்தார்கள். பங்கு போட்டுக்கொள்ளவில்லை. அந்த நாணயங்களை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு. மூடியின் மேல் யானை. லண்டனில் இருந்த ரக்பி சங்கத்துக்கு அதைக் கொடுத்துவிட்டு மன்றத்தை மூடினார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் இன்றுவரை அந்தக் கல்கத்தாக் கோப்பைக்காகத்தான் மோதிக்கொள்கின்றன. அந்த வெள்ளி யாருடைய உழைப்பு, எந்த நாட்டுச் சொத்து என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்க வேண்டியதுதான். ஆனால் சாகப்போகும் ஒரு சங்கம் தன் கடைசிக் காசை என்ன செய்தது என்ற அளவில் அந்தக் காரியத்தில் ஒரு பண்பு இருக்கிறது. நம் பக்கத்தில் சங்கங்கள் மூடப்படும்போது நாற்காலியை யார் எடுத்துப்போவது என்பதில் தொடங்கும் சண்டை நீதிமன்றம்வரை போவதுண்டு.

எங்கள் ஊரிலேயே ஒரு விடுதலைப் பார்த்திருக்கிறோம். இரங்கசாமி இளங்கோ வேதிப் பொறியியல் படித்தவர். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் நிலையான வேலையில் இருந்தவர். ஒரு தலித் குடும்பத்துப் பிள்ளை அந்த வேலைக்குப் போக எத்தனை வாசல் தாண்ட வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அதை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996இல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரானார். தலித் குடும்பமும் பிற சாதிக் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் ஒட்டிய சுவரோடு வாழும் இரட்டை வீடுகள் இங்கே எழும்பியது அவர் காலத்தில். இரண்டு முறை தலைவராக இருந்தார். 2006க்குப் பிறகு அவர் செய்தது, தமிழகமெங்கும் உள்ள மற்ற ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி தருவது. பதவி போன பிறகும் பந்து அவர் கையில் சும்மா இருக்கவில்லை. பின்னால் வருபவர்களுக்குப் போயிற்று. வாழ்ந்து முடித்தபின் எப்படி வாழ்வது என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த இரட்டை வீட்டுத் தெருவைத்தான் காட்டுவேன்.

இதையெல்லாம் ஒரு மாலை அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். விடத் தெரிய வேண்டும், அதுதான் பெரிய விஷயம் என்று கொஞ்சம் உபதேசமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது. அவர் மறுத்துப் பேசவில்லை. சாப்பாட்டுப் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபின்தான் எனக்கு உறைத்தது.

அல்போன்சி விட்டார். இளங்கோ விட்டார். அவர்கள் கையில் ஒன்று இருந்தது. எப்போது விடுவது என்பதை அவர்கள் முடிவு செய்தார்கள். இந்த அக்கா எதை விட்டார்? பத்தொன்பது வயதில் பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்குப் பின் ஆடலாம் என்று சொன்னவர்கள், ஆடக் கூடாது என்று ஒருபோதும் சொல்லவில்லை. பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஓய்வு அறிவிப்பு இல்லை, வழியனுப்பு ஆட்டம் இல்லை. ‘முன்னாள் வீராங்கனை’ என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. சொல்லச் சொல்லி அவரும் கேட்டதில்லை. பறிக்கப்பட்டதைத் துறந்ததாகச் சொல்லிக் கைகூப்புவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அம்மா பாட்டை விட்டாள், அத்தை படிப்பை விட்டாள் என்கிறோம். விட்டாள் என்ற சொல்லுக்குள் எத்தனை பேருடைய கைகள் ஒளிந்திருக்கின்றன! ரக்பியில் வீழ்த்தப்பட்டவர்தான் பந்தை விட வேண்டும்; இங்கே ஆள் நின்றுகொண்டிருக்கும்போதே, கையிலிருந்து பிடுங்கியாயிற்று.

ஆகவே பற்றை விடு என்ற அறிவுரையை யாரிடம் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பற்றிக்கொள்ள இடம் கொடுக்கப்படாதவரிடம் அதைச் சொல்வது அறமாகாது. முதலில் கபடியின் விதி. பிறகுதான் ரக்பியின் விதி. இறுகப் பிடித்து ஒருமுறையாவது கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டவளுக்கே விடுதல் என்பது பொருள் தரும்.

பதினைந்து பேர் ஆடும் ரக்பியை இந்தியப் பெண்கள் உலக அரங்கில் ஆடத் தொடங்கியது 2018இல்தான். மறு ஆண்டு ஜூன் மாதம் மணிலாவில், சிங்கப்பூரை 21–19 என்று வென்றார்கள். அந்த வகை ஆட்டத்தில் நாட்டின் முதல் வெற்றி. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது தண்ட உதையை அடித்துப் புள்ளி சேர்த்தவர் ஒடிசாவின் சுமித்ரா நாயக். புவனேஸ்வரில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளியில் வளர்ந்தவர். அணித் தலைவி புனேயின் வாபிஸ் பரூச்சா. தொழிலால் இயன்முறை மருத்துவர். நாட்டுக்காக ஆடுவதற்கும் பிழைப்புக்கும் இடையே இன்னும் ஒரு வேலை தேவைப்படுகிறது. மற்றவர்களின் முட்டியைச் சரிசெய்கிற தொழிலை அவர் வைத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் பெண்களின் முட்டித் தசைநார் ஆண்களைவிட எளிதில் அறுகிறது என்பது விளையாட்டு மருத்துவம் அறிந்த செய்தி. திடீரென்று நின்று திரும்புகிற, குதித்து ஒற்றைக்காலில் இறங்குகிற ஆட்டங்களில் அது அதிகம். கபடியும் அதில் சேர்த்தி. எப்படிக் குதித்து இறங்குவது, தொடைத் தசையை எப்படி உறுதியாக்குவது என்று சிறுவயதிலேயே பழக்கினால் பெருமளவு தடுக்கலாம். அதைச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். ஏற்கெனவே விழுந்த ஒருவர் இருந்தால் நல்லது.

2025 செப்டம்பரில் லண்டன் ட்விக்கன்ஹம் மைதானத்தில் மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தைப் பார்க்க 81,885 பேர் வந்தார்கள். அந்தப் படத்தைக் கைப்பேசியில் அக்காவுக்குக் காட்டினேன். 1991இல் முதல் மகளிர் உலகக் கோப்பையை வேல்ஸில் நடத்தியது நான்கு பெண்கள் கூடித்தான் என்றும், உலக ரக்பி அமைப்பு அப்போது அதை அங்கீகரிக்கவே இல்லை என்றும், காசில்லாமல் வந்த சோவியத் அணி கையோடு கொண்டுவந்த வோட்காவை விற்றுச் செலவைச் சமாளிக்கப் பார்த்தது என்றும் சொன்னேன். அந்த நால்வரில் ஒருவரான டெபோரா கிரிஃபின்தான் 2025இல் இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். அக்காவுக்கு வோட்கா கதையில் சிரிப்பு வந்தது. மாவட்டப் போட்டிக்குப் போகப் பஸ் காசுக்காக வீடுவீடாகப் போய் முறுக்கு விற்றதைச் சொன்னார். இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பழைய கதை அது.

மனையில் ஒரு சிறுமி பாடிப்போய்த் தடுமாறி, முட்டி உள்பக்கம் மடிய விழுந்தாள். பெரிய அடி இல்லை. அக்கா பையைத் தரையில் வைத்துவிட்டுக் கோட்டைத் தாண்டி உள்ளே போனார். அந்தப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி, தன் கால்களை அகற்றி வைத்து, முட்டியை வெளிப்பக்கம் தள்ளி, குந்தி இறங்கிக் காட்டினார். வலது முட்டி நொடித்தது. மறுபடியும் இறங்கிக் காட்டினார். பிள்ளைகள் வரிசையாக நின்று செய்தார்கள்.

திரும்பி வந்து பையை எடுத்துக்கொண்டார். சீருடையில் கோலமாவு ஒட்டியிருந்தது.

“அந்த மேகி இருக்காங்களே அண்ணா... பாரிஸ்ல ஆடினது கடைசி ஆட்டம்னு தெரிஞ்சேதான் ஆடினாங்களா?”

தெரிந்திருக்கலாம் என்றேன்.

“எனக்கு என் கடைசி ஆட்டம் எதுன்னே தெரியல” என்றார். “திருவள்ளூர்லயா, ஆவடியிலயான்னு யோசிச்சிக்கினே இருக்கேன்.” சற்று நேரம் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கோடு பாதி கலைந்திருந்தது.

“ஆவடிதான். அன்னிக்கு மழை பேஞ்சுது. பாதியிலயே நிறுத்திட்டாங்க.”